தொண்டைச் சதை நீக்கமும் உழைச்செல்வார் கடமையும்

மருத்துவம் நான்கு கூறுடையது என்று வகுத்தார் திருவள்ளுவர். நோயுற்றவன், அந்நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அம்மருந்தைப் பிழையாது ஊட்டி அருகிருந்து பேணும் உழைச்செல்வான் என்பன அந்நான்கு. முதல் மூன்றைப் பற்றி உலகம் மிகுதியும் பேசும். நான்காமவனைப் பற்றிப் பேசுவார் சிலரே. நோயுற்றது சிறு குழந்தையாயின், உழைச்செல்வார் பெரும்பாலும் அதன் தாயும் தந்தையும் பாட்டியுமே ஆவர். அவர் அக்கலையை எங்கும் கற்றவரல்லர்; எனினும் குழந்தையின் நலத்திற் பெரும்பங்கு அவர் கையிலேயே உள்ளது. இவ்வுண்மை தெள்ளிதின் விளங்கும் இடங்களுள் ஒன்று, டான்ஸில் என்னும் தொண்டைச் சதையை நீக்கும் ரண சிகிச்சையாகும். நம் கல்லூரியினின்றும் செல்வாரிற் பலர் ஆசிரியராவர், பலர் பெற்றோராவர். ஆதலின் இப்பொருளை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுந்தோம்.

வாயை அகலத் திறந்து கண்ணாடியில் நோக்கின், நடுவே சிறு மணிபோல் தொங்குவது உள்நாக்கு. அதற்கு இருபுறத்தும், தொண்டையின் பக்கச் சுவர்களில், பாதாம் பருப்பை ஒத்த இரு சதைத்திரள்கள் காணப்படும். அவையே டான்ஸில்கள். இவை வீங்கியதனை நம்மவர் 'உள்நாக்கு வளர்ந்துவிட்டது' என்று கூறுவர். உண்மையில் உள்நாக்கு வேறு, டான்ஸில் வேறு. மூக்கின் பின்புறத்தே, வாயைத் திறந்தாலும் கண்ணுக்குப் புலப்படாத இடத்தில், அடினாய்டு என்னும் மற்றொரு சதை உண்டு. இவை யாவும் கூடித் தொண்டை வாயிலைச் சுற்றி ஒரு வளையமாக அமைந்துள்ளன என்பதை ஜெர்மானிய உடற்கூற்றறிஞர் வால்டையர் 1884ஆம் ஆண்டில் விளக்கினார். மூச்சோடும் உணவோடும் புகும் கிருமிகளை எதிர்க்க உடல் பயிலும் காவற்சாவடிகள் இவை எனலாம். பள்ளிப்பருவத்தின் தொடக்கத்தில் இவை பருத்திருந்து, பின்னர்த் தாமே சுருங்குவது இயல்பு. ஆதலின், சதை பெரிதாயிருப்பது ஒன்றே அதனை நீக்குதற்குக் காரணமாகாது.

இச்சிகிச்சை மிகப் பழையது. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்னர் ரோமாபுரியில் வாழ்ந்த செல்ஸஸ் என்பார், இச்சதையை விரலாற் பிரித்தெடுக்கும் முறையைத் தம் மருத்துவ நூலில் எழுதியுள்ளார். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துப் பிலிப் பிஸிக் என்பார் 1828இல் இதற்கெனவே ஒரு கருவியைச் சமைத்தார். மயக்க மருந்தும் கருவிகளும் வளர்ந்தபின், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், மேனாடுகளில் இச்சிகிச்சை அளவு கடந்து பெருகிற்று. எவ்வளவு கடந்தது என்பதை 1934இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டும். நியூயார்க் நகரில் பதினொரு வயதுடைய ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளை நோக்கியபோது, 611 பேருக்கு முன்னரே டான்ஸில் நீக்கப்பட்டிருந்தது. எஞ்சிய 389 பேரை வைத்தியர்கள் சோதித்து, 174 பேருக்கு நீக்கவேண்டும் என்றனர். வேண்டா என்று விடப்பட்ட 215 பேரை வேறு வைத்தியரிடம் அனுப்பினர்; அவர் 99 பேருக்கு வேண்டும் என்றனர். மீண்டும் விடப்பட்ட 116 பேரை மூன்றாம் முறை அனுப்ப, 51 பேருக்கு வேண்டும் என்ற விடை வந்தது! ஒவ்வொரு முறையும் ஏறத்தாழப் பாதிப்பேர். முடிவு பிள்ளையின் தொண்டையைப் பொறுத்ததாயிராமல், நோக்குவார் வழக்கத்தைப் பொறுத்ததாயிருந்தது என்பது இதனாற் புலனாகும். இங்கிலாந்தில் குளோவர் என்பார் 1938இல், ஊருக்கு ஊர் இச்சிகிச்சையின் அளவு காரணமின்றிப் பெரிதும் மாறுபடுதலை எடுத்துக்காட்டினார்.

இக்காலத்தே இதற்குத் தக்க வரையறை உண்டு. 1984இல் அமெரிக்காவில் பாரடைஸ் என்னும் மருத்துவரும் அவர்தம் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆராய்ச்சியைத் தழுவி, ஓராண்டில் ஏழு முறையேனும், ஈராண்டு ஆண்டுக்கு ஐந்து முறையேனும், மூன்றாண்டு ஆண்டுக்கு மூன்று முறையேனும் கடுந் தொண்டை நோய் வந்திருந்தாலன்றிப் பொறுத்துப் பார்ப்பதே நலம் என்பர். மற்றொரு காரணம் உறக்கத்தில் நேரும் மூச்சுத் தடை. பருத்த சதை வழியை அடைக்கப் பிள்ளை உரக்கக் குறட்டைவிடும். இடையிடையே மூச்சு நின்று, திணறி விழிக்கும். பகலிற் சோர்வோ சிடுசிடுப்போ கொள்ளும். ஐந்து முதல் ஒன்பது வயதுவரையுள்ள 464 பிள்ளைகளை வைத்து நடத்தி 2013இல் வெளியிட்ட சோதனையில், சிகிச்சை பெற்றவரின் உறக்கமும் நடத்தையும் வாழ்க்கைநலமும், காத்திருந்தவரினும் மிகுதியாகத் திருந்தின என்று கண்டனர். ஆயினும் கவனத்தை அளக்கும் தேர்வுகளில் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே பெற்றோர் முதலில் வினவவேண்டுவது, 'எக்காரணம் பற்றி இதனை நீக்குகிறீர்கள்?' என்பதே. விடை தெளிவாயின், உள்ளமும் தெளியும்.

முடிவு செய்தபின், உழைச்செல்வாரின் வேலை தொடங்குகின்றது. அதில் முதலாவது, குழந்தைக்கு உண்மையுரைத்தல். நம் இல்லங்களில் வைத்தியரைப் பூச்சாண்டியாக்கும் வழக்கம் உண்டு. 'சோறு உண்ணாவிட்டால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்' என்று மிரட்டுகிறோம். அதே குழந்தையை ஒருநாள் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லவேண்டி வரின், 'கடைத்தெருவுக்குப் போகிறோம்' என்று பொய் சொல்லுகிறோம். குழந்தை என்ன எண்ணும்? தான் செய்த குற்றத்திற்குத் தண்டனை வந்தது என்றும், தன்னைப் பெற்றவரே தன்னை வஞ்சித்தனர் என்றும் எண்ணும். மூன்று முதல் ஆறு வயதுவரையுள்ள சிறார் நோயைத் தண்டனையாகக் கருதுவது பெரிதும் காணப்படுவதொன்று. டேவிட் லெவி என்னும் அமெரிக்க மனநூலறிஞர், ரண சிகிச்சைக்குப்பின் சில குழந்தைகளிடம் இரவச்சமும் பிற அச்சங்களும் நிலைத்தலை 1945இலேயே விளக்கியுள்ளார். சதையின் புண் இரண்டு கிழமையில் ஆறும். நம்பிக்கையில் ஏற்பட்ட புண் அத்துணை விரைவில் ஆறாது.

எப்பொழுது, எவ்வாறு சொல்லுவது? மிகச் சிறிய குழந்தைக்கு ஓரிரு நாள் முன்பும், நான்கைந்து வயதினர்க்குச் சில நாள் முன்பும், பள்ளிச் சிறார்க்கு ஒரு கிழமைக்கு முன்பும் கூறலாம். சொற்கள் எளியனவாயிருத்தல் வேண்டும். 'உன் தொண்டையில் உள்ள சதை உன்னை அடிக்கடி நோகச் செய்கிறது. வைத்தியர் அதனை எடுப்பார். அப்பொழுது நீ மருந்தினால் தூங்குவாய், ஒன்றும் தெரியாது. எடுத்து முடித்தபின் எழுந்திருப்பாய். சில நாள் தொண்டை வலிக்கும். வலிக்கு மருந்து உண்டு. நீ செய்த தவறு எதுவும் இதற்குக் காரணமன்று' என்றால் போதும். மருந்துத் துயில் இராத்துயில் போன்றதன்று என்றும், இடையில் விழிப்பு வாராது என்றும், முடிந்தபின் விழிப்பு உறுதியாய் வரும் என்றும் கூறுக. 'வலிக்கவே வலிக்காது' என்று கூறற்க. துணிப்பொம்மைக்குக் குழந்தையே வைத்தியராகிச் சிகிச்சை செய்து விளையாடட்டும்; அது அஞ்சுவது யாது என்பதை அவ்விளையாட்டே நமக்குக் காட்டிவிடும்.

பெற்றோரின் உள்ளநிலை குழந்தையைத் தொடும் என்பது வெறும் நம்பிக்கையன்று. முற்காலத்தில் மேனாட்டு வைத்தியசாலைகள் பலவற்றிற் பெற்றோர் பிள்ளையோடு தங்குதற்கு இடமில்லை. 1952இல் ஜேம்ஸ் ராபர்ட்ஸன் என்பார், இரண்டு வயதுக் குழந்தை ஒன்று தாயைப் பிரிந்து வைத்தியசாலையில் கழித்த நாட்களைத் திரைப்படமாக்கிக் காட்டினார்; பலர் உள்ளம் கலங்கினர். 1959இல் இங்கிலாந்தில் பிளாட் குழுவினர், பெற்றோர் தடையின்றி வந்து காணவும், சிறு குழந்தையுடன் தாய் தங்கவும் இடந்தருதல் வேண்டும் என்று அறிவுறுத்தினர். 1968இல் ஸ்கிப்பர், லெனர்டு என்னும் இருவர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். டான்ஸில் நீக்கத்திற்கு வந்த குழந்தைகளிற் சிலர் தாய்மார்க்கு மட்டும், நடக்கவிருப்பவற்றை ஒரு தாதி அமைதியாக விளக்கி ஆறுதல் கூறினார். குழந்தைகட்கு வேறொன்றும் செய்திலர். எனினும் அத்தாய்மாரின் பிள்ளைகட்கு இரத்த அழுத்தமும் நாடியும் ஏனையோரினும் தணிந்திருந்தன, வாந்தியும் குறைந்தது. தாயின் அச்சம் தணிய, சேயின் உடலும் தணிந்தது.

சிகிச்சை நாளன்று கவனிக்கத்தக்கவை சில. மயக்க மருந்தின்போது வயிற்றில் உணவிருப்பின், அது மேலெழுந்து மூச்சுக்குழலுட் புகும் அபாயம் உண்டு. ஆதலின் திடவுணவும் பாலும் பொதுவாக ஆறு மணி நேரத்திற்கு முன்னரே நிறுத்தப்படும். வெறுந்தண்ணீரை வைத்தியர் குறித்த நேரம் வரை கொடுக்கலாம். 'பாவம், பசிக்கிறது' என்று பாட்டி மறைவில் ஊட்டும் ஒரு கைப்பிடிச் சோறு, அன்பினால் விளையும் கேடாகும். ஐந்து முதல் எட்டு வயதில் பால்பற்கள் ஆடுவது இயல்பாதலின், ஆடும் பல் இருப்பின் மயக்க மருத்துவர்க்கு முன்கூட்டிச் சொல்க. சளி, காய்ச்சல், குடும்பத்தில் இரத்தம் எளிதில் நில்லாத இயல்பு ஆகியவற்றையும் மறையாது கூறுக.

மயக்கம் தெளியுங்கால் சில குழந்தைகள் கூவி அழுது, கைகால்களை உதறித் தாயையும் அறியாதவர்போல் நடப்பர். கண்டு நடுங்கற்க. மருந்தின் விளைவான அக்குழப்பம் பெரும்பாலும் அரைமணிக்குள் அடங்கும்; பின்னர்க் குழந்தைக்கு அதன் நினைவும் இராது. விழுங்கிய பழைய இரத்தம் கருநிறமாய் ஒருமுறை வாந்தியில் வருதலும் உண்டு. உடனே தாதியர்க்கு அறிவித்தல் வேண்டும்.

இல்லம் திரும்பியபின் முதற்கடமை, குழந்தையைப் பருகச் செய்தல். வலிக்கு அஞ்சி விழுங்க மறுக்கும் குழந்தையின் தொண்டை உலரும். உலர உலர வலி மிகும். வலி மிக, மேலும் மறுக்கும். இவ்வட்டத்தை அறுப்பது சிறு சிறு மிடறாக அடிக்கடி கொடுக்கும் நீரே. இளநீர், நீர்த்த கஞ்சி, ஆறிய பால், ஐஸ்கிரீம் யாவும் நல்லவை. 'குளிர்ந்தது சளி பிடிக்கும்' என்று அஞ்சும் வழக்கத்தை இந்நாட்களில் ஒதுக்கிவைக்கலாம். குளிர்ச்சி புண்ணுக்கு இதந்தரும். குழைந்த சோறும் இட்டிலியும் இயன்றவாறு உண்ணட்டும். முறுக்கு முதலிய கூரியவையும், காரமும், புளிப்பும் புண்ணை உறுத்தும். எட்டு மணி நேரமாய்ச் சிறுநீர் கழியாமை, உலர்ந்த உதடு, கண்ணீரில்லா அழுகை ஆகியவை உடலில் நீர் குறைந்ததன் குறிகள். கண்டால் வைத்தியரை நாடுக.

வலி ஒரே சீராய்க் குறையும் என்று எண்ணற்க. ஐந்தாறாம் நாள் அளவில் மீண்டும் மிகுதலும், காலையில் வாய் உலர்ந்தெழும்போது கடுமையாதலும் இயல்பு. காது வலிக்கிறது என்றும் குழந்தை கூறும். தொண்டைக்கும் காதிற்கும் பொதுவான நரம்பே அதற்குக் காரணம். பாரஸிட்டமால், இபுபுரொபென் என்னும் மருந்துகளை, வைத்தியர் உடல் எடைக்கேற்பக் குறித்த அளவில், வலி முற்றுமுன் நேரந்தவறாது கொடுப்பதே முறை. ஆஸ்பிரின் கொடுத்தலாகாது. கோடீன் கலந்த மருந்தும் ஆகாது. சில குழந்தைகளின் உடல் அதனை மிக விரைவில் மார்பீனாக மாற்றி மூச்சை ஒடுக்கிவிடும். அதனால் நேர்ந்த மரணங்களைக் கண்டு, அமெரிக்க மருந்து நிர்வாகம் 2013இல் கடுமையாக எச்சரித்து, 2017இல் மேலும் தடைவிதித்தது. வீட்டிலிருக்கும் பழைய இருமல் மருந்தைத் தாமே எடுத்துக் கொடுப்போர் இதனைக் கருதுக.

தொண்டையில் வெண்படலம் தோன்றுதல், வாய்நாற்றம், சில நாள் மூக்காற் பேசும் குரல் ஆகியவை அபாயமல்ல. வெண்படலம் சீழன்று, புண் ஆறும் போர்வை. அப்போர்வை உதிரும் காலம், அதாவது ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை, இரத்தம் கசியக்கூடும். வாயிலோ மூக்கிலோ செந்நிற இரத்தம் காணின், நிற்கும் என்று காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. உறக்கத்தில் குழந்தை அடிக்கடி விழுங்குமாயின் விளக்கேற்றிப் பார்க்க. உள்ளே கசியும் இரத்தத்தை அது விழுங்கிக்கொண்டிருக்கலாம். ஆகவே இரு கிழமை வரை ஊர்ப்பயணம் வேண்டா. சிற்றூரில் உறைவோர், நள்ளிரவில் வண்டி எங்கே கிடைக்கும் என்பதை முதல்நாளே உறுதிசெய்துகொள்ளல் நன்று.

ஆசிரியர்க்கும் ஒரு சொல். பத்து நாள் முதல் இரு கிழமைக்குள் பிள்ளை பள்ளிக்கு மீளும். சில காலம் முன்னினும் மிகுதியாய் அழும், தாயைவிட்டுப் பிரியாது, பல நாள் முன் விட்டொழித்த படுக்கை நனைத்தலும் மீண்டும் வரலாம். அதனை எள்ளி நகைத்தலும் கடிந்துரைத்தலும் தகா. பொறுத்தால் பெரும்பாலும் சில கிழமையில் மறையும். ஓட்டமும் ஆட்டமும் இரு கிழமை கழியட்டும்.

கத்தியைப் பிடிக்கும் கை ஒன்று. அது தன் பணியைச் சிறிது நேரத்தில் முடித்துக்கொள்ளும். கிண்ணத்தைப் பிடிக்கும் கை மற்றொன்று. அது இரவும் பகலும் பதினான்கு நாள் விழித்திருக்கும். முன்னதற்குப் பட்டம் உண்டு, பின்னதற்கு இல்லை. எனினும், 'அம்மா சொன்னபடியே நடந்தது' என்று ஒரு குழந்தை பின்னாளில் நினைவுகூருமாயின், அதனினும் சிறந்த பட்டம் உழைச்செல்வார்க்கு வேறு யாது வேண்டும்?