இனாம் பயணச்சீட்டும் எண்ணெய்க் கட்டணமும்

திருப்பூரில் விமானப் பயணம் இந்நாளில் முதலாளிமார்க்கு மட்டும் உரியதன்று. பின்னலாடை நிறுவனங்களில் வேலை பார்க்கும் இளைஞர்கள் மாதிரி உடைகளைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போய் வருகிறார்கள். அவர்களுள் என் மகனும் ஒருவன். இவ்வாறு அடிக்கடி பறப்போர்க்கு விமான நிறுவனங்கள் ‘மைல்’ என்னும் புள்ளிகளை வரவு வைக்கின்றன. அவை போதிய அளவு சேர்ந்தபின், பணத்துக்குப் பதிலாக அவற்றைக் கொடுத்துச் சீட்டுப் பெறலாம். 1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இத்தகைய திட்டத்தைத் தொடங்க, மற்றவர்களும் பின்பற்றினார்கள்.

சென்ற ஆண்டு, ஜெர்மனியில் வாழும் என் மகளுக்குப் பேறுகாலம் நெருங்கிற்று. தாயை அனுப்பிவைக்கத் தன் புள்ளிகளைத் தருவதாக மகன் முன்வந்தான். கணினித் திரையில் புள்ளிகள் கழிந்தன. அதன் கீழே, நாற்பத்தோராயிரம் ரூபாய் செலுத்துக என்று வந்தது. “இனாமுன்னு சொன்னானே, அப்புறம் இதெதுக்குங்க?” என்றார் என் மனைவியார். ஓய்வூதியத்தில் வாழும் எமக்கு அது சிறு தொகையன்று. பயணத்தையே கைவிடலாமா என்று கூட எண்ணினோம். ஆயினும் முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தியவனுக்குக் கூட்டுத்தொகையைப் பிரித்துப் பாராமல் உறக்கம் வருமா?

பயணச்சீட்டின் விலை மூன்று பகுதிகளால் ஆவது. ஒன்று அடிப்படைக் கட்டணம். இரண்டாவது, அரசுகளின் வரியும் விமான நிலையங்களின் கட்டணமும். மூன்றாவது, நிறுவனமே விதிக்கும் கூடுதல் கட்டணம். சீட்டில் இதற்கு ‘ஒய்.க்யூ.’ அல்லது ‘ஒய்.ஆர்.’ என்று குறியீடு இருக்கும். எண்ணெய் விலையைக் காட்டி ஏற்பட்டது இந்த மூன்றாவது. பணம் கொடுத்துப் போகிறவருக்குக் கூட்டுத்தொகை ஒன்றே முக்கியம். அது எந்தப் பெயரில் எழுதப்பட்டால் என்ன? புள்ளி வைத்திருப்பவர் நிலை வேறு. புள்ளிகள் அடிப்படைக் கட்டணத்தை மட்டுமே தீர்க்கும். ஆகவே முதற்பகுதியிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றப்படும் ஒவ்வொரு ரூபாயும் அவர் தலையில் விழுகிறது. நம்மூர்ச் சாயப்பட்டறைக்காரர் ஒருவர், “துணிக்குச் சாயம் இனாம், பாய்லருக்கு எரித்த விறகுக்கு மட்டும் காசு கொடுங்கள்” என்பது போன்றது இது.

இக்கட்டணம் எண்ணெய் விலையோடு ஏறி இறங்குமாயின் குறை சொல்வதற்கில்லை. நம் நாட்டு இண்டிகோ நிறுவனம் 2023 அக்டோபரில் தொலைவுக்கேற்ப 300 முதல் 1,000 ரூபாய் வரை எரிபொருள் கட்டணம் விதித்தது. விலை தணிந்ததும் 2024 சனவரியில் நீக்கியது. எல்லோரும் அவ்வாறு நடந்ததில்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸும் வர்ஜின் அட்லாண்டிக்கும் கலந்து பேசிக்கொண்டு இக்கட்டணத்தை உயர்த்திய செய்தி வெளிப்பட்டபோது, 2004-இல் 5 பவுனாக இருந்தது 2006-க்குள் 60 பவுனாகியிருந்தது. உண்மையைத் தாமே முன்வந்து சொன்னதால் வர்ஜின் தப்பியது. பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு 2007-இல் 12 கோடியே 15 லட்சம் பவுன் அபராதம் விதித்தார்கள்.

இனி, தப்பும் வழி. ஒரே விமானத்தின் ஒரே இருக்கையைப் பல நிறுவனங்களின் புள்ளிகளைக் கொண்டு பெறலாம். ஏனெனில் அவை கூட்டணிகளாக இயங்குகின்றன. ஏர் இந்தியா 2014-இல் சேர்ந்த ஸ்டார் அலையன்ஸ் அவற்றுள் ஒன்று. சீட்டை எழுதித் தரும் திட்டம் எதுவோ, அதன் விதியே செல்லும். கனடாவின் ஏரோப்ளான் திட்டம் 2020 நவம்பர் முதல் இக்கட்டணத்தை வாங்குவதில்லை. கூட்டாளி நிறுவனத்தின் விமானமாயின் 39 கனடா டாலர் மட்டும் பதிவுக்கூலி. அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனமும் வாங்குவதில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சொந்த விமானங்களுக்கு 2017 மார்ச்சில் இதை நீக்கிவிட்டது. அதே வேளையில், இணையத்தில் பதிவோர்க்கு அளித்துவந்த நூற்றுக்குப் பதினைந்து தள்ளுபடியையும் நிறுத்திவிட்டதைச் சொல்லாமல் விடுவது முறையன்று.

என் மகனிடம் வங்கி அட்டையில் சேர்ந்த புள்ளிகளும் இருந்தன. அவற்றைப் பல விமானத் திட்டங்களுள் ஒன்றுக்கு மாற்றிக்கொள்ள வங்கி இடமளித்தது. இங்கே ஓர் எச்சரிக்கை: மாற்றிய புள்ளிகள் திரும்பி வாரா. ஆதலின் இருக்கை உண்டா, கையிலிருந்து கட்டவேண்டியது எவ்வளவு என்று திரையில் கண்டபின்னரே மாற்றுதல் வேண்டும். சில சமயம், கூடுதல் கட்டணத்தோடு இன்னும் சிறிது பணம் சேர்த்தால் முழுச்சீட்டையே வாங்கிவிடலாம். அப்போது புள்ளிகளைத் தொடாதிருப்பதே நலம். வரிகளோ எந்தத் திட்டத்திலும் தள்ளுபடியாகா. இலண்டனிலிருந்து புறப்படுவோர்க்கு பிரிட்டிஷ் அரசு விதிக்கும் பயணிகள் வரி அத்தகையது.

மகன் இரண்டு மாலைகள் உட்கார்ந்து தேடினான். முதலில் பார்த்த அதே விமானம், அதே நாள். வேறொரு திட்டத்தின் வழியாகப் பதிந்தபோது, வரியும் பதிவுக்கூலியும் சேர்ந்து ஒன்பதாயிரத்துச் சொச்சத்தில் முடிந்தது. என் மனைவியார் போய்ச் சேர்ந்த பதினோராம் நாள் பேத்தி பிறந்தாள்.