உடற்கல்வி ஆசிரியர்க்கு வேண்டிய பயிற்சி

பந்தும் ஊதலும் கையிலிருந்தால் எவரும் உடற்கல்வி ஆசிரியர் ஆகலாம் என்று எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் தவறு. சென்னையில் ஹாரி குரோ பக் 1920இல் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி, உடற்கல்வியைத் தனிப் படிப்பாகவே கற்பித்தது.

மலேசியத் தொடக்கப்பள்ளி ஆசிரியராக விரும்புவோர், எஸ்.பி.எம். தேறியபின், ஆசிரியர் கல்விக் கழகத்தில் ஓராண்டு ஆயத்தப் படிப்பும் நான்காண்டுப் பட்டப்படிப்பும் பயில்கின்றனர். உடற்கல்வி ஆசிரியர்க்கு விளையாட்டு விதிகள் மட்டும் போதா. உடற்கூறு, உளவியல், முதலுதவி ஆகியவையும் வேண்டும்.

காரணம் வெளிப்படை. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பள்ளித் திடல்களில் ஈரக்காற்று மிகுதி. ஓடும் சிறுவனின் வியர்வை எளிதில் உலராது, உடற்சூடும் தணியாது. தலைசுற்றும் பிள்ளையை உடனே நிழலில் இருத்திக் குளிர்விக்க அறியாவிடின், உயிருக்கே கேடு நேரலாம்.

முந்துபவனை எவரும் பாராட்டுவர். பின்தங்குபவனையும் மகிழ்ந்து ஓடச் செய்பவரே பயிற்சி பெற்ற ஆசிரியர்.