மிளகாய்ச் செடி தழைக்கிறது, காய்க்கவில்லை: உரப் பையின் மூன்று எண்கள் சொல்வது என்ன?

வாசலில் ஒரு தொட்டி. அதில் இடுப்பளவு வளர்ந்த மிளகாய்ச் செடி. இலைகள் கரும்பச்சையாகப் பளபளக்கின்றன. ஆனால் பூவும் இல்லை, காயும் இல்லை. “உரம் போதவில்லை போலிருக்கிறது” என்று வீட்டில் யாரோ இன்னொரு கைப்பிடி உரத்தை அள்ளிப் போடுகிறார்கள். அடுத்த வாரம் இலைகளின் நுனி கருகத் தொடங்குகிறது.

அடுக்குமாடி வீட்டு நடைபாதையிலும் தாமான் வீட்டு முற்றத்திலும் இது அடிக்கடி நடப்பதுதான். செடிக்கு உரம் தேவை என்பது உண்மை. ஆனால் எந்தச் சத்து, எந்தப் பருவத்தில், எவ்வளவு என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல் போடும் உரம் பயன் தருவதில்லை. பல வேளைகளில் கெடுதலே செய்கிறது.

உரம் செடியின் உணவா?

மாணவர்களே, முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்கிவிடுவோம். உரம் செடியின் உணவு அன்று. செடி தன் உணவைத் தானே இலையில் தயாரித்துக்கொள்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயுவும் வேர் உறிஞ்சும் நீரும் சூரிய ஒளியால் சர்க்கரையாக மாறுகின்றன. இதுவே ஒளிச்சேர்க்கை என்று பள்ளியில் படித்திருக்கிறீர்கள்.

செடி வளர 17 தனிமங்கள் தேவை. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் கிடைத்துவிடும். மீதமுள்ள 14 தனிமங்களும் வேர் வழியாகத்தான் வரவேண்டும். அவற்றுள் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் ஆகியவை அதிக அளவில் தேவை. கால்சியம், மக்னீசியம், கந்தகம் ஆகியவை அடுத்த நிலையில் உள்ளன. இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், தாமிரம், போரான், மாலிப்டினம், குளோரின், நிக்கல் ஆகிய எட்டும் மிகச் சிறிய அளவில் போதும். இவற்றை நுண்சத்துகள் என்பார்கள்.

ஆகவே, வெயில் படாத மூலையில் இருக்கும் செடிக்கு எவ்வளவு உரம் போட்டாலும் அது காய்க்காது. மிளகாய்ச் செடிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். உரத்தைப் பற்றி யோசிக்குமுன் தொட்டியின் இடத்தைப் பாருங்கள்.

15-15-15 என்றால் என்ன?

நர்சரியில் விற்கும் உரப் பைகளில் 15-15-15, 12-12-17 என்பதுபோல் மூன்று எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். வரிசையாக அவை நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் ஆகியவற்றின் விழுக்காட்டைக் குறிக்கின்றன. தமிழில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று இவற்றுக்கு அழகான பெயர்கள் உண்டு. சில பைகளில் நான்காவதாக 2 என்ற எண்ணும் இருக்கும். அது பொதுவாக மக்னீசியத்தைக் குறிக்கும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நைட்ரஜன் மட்டுமே தனிமமாகக் கணக்கிடப்படுகிறது. மற்ற இரண்டும் பழைய வழக்கப்படி ஆக்சைடுகளாகக் கணக்கிடப்படுகின்றன. எனவே 15-15-15 உரம் 100 கிராம் எடுத்தால் அதில் நைட்ரஜன் 15 கிராம் இருக்கும். ஆனால் பாஸ்பரஸ் சுமார் 6.5 கிராமும் பொட்டாசியம் சுமார் 12.4 கிராமும்தான் இருக்கும்.

யூரியாப் பையில் 46-0-0 என்றிருக்கும். வேதியியல் படிப்பவர்கள் இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். யூரியாவின் மோலார் நிறை 60. அதில் இரண்டு நைட்ரஜன் அணுக்களின் பங்கு 28. 28-ஐ 60-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 46.7 வரும். பையில் உள்ள எண் எங்கிருந்து வந்தது என்பது புரிகிறதல்லவா?

மிகக் குறைந்ததே எல்லையாகும்

ஜெர்மனியின் கார்ல் ஸ்பிரெங்கல் 1828-ஆம் ஆண்டில் ஒரு கருத்தை முன்வைத்தார். பின்னர் யுஸ்டஸ் ஃபான் லீபிக் என்ற வேதியியலாளர் அதை உலகறியச் செய்தார். ஒரு செடியின் வளர்ச்சியைத் தீர்மானிப்பது அதற்கு அதிகமாகக் கிடைக்கும் சத்து அன்று. தேவையோடு ஒப்பிடும்போது மிகக் குறைவாகக் கிடைக்கும் சத்துதான் என்பதே அக்கருத்து. இதைக் குறைம விதி என்கிறோம்.

இதைப் புரிந்துகொள்ள மரப்பலகைகளால் ஆன ஒரு பீப்பாயை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பலகைகளும் உயரமாக இருந்து ஒன்று மட்டும் குட்டையாக இருந்தால், தண்ணீர் அந்தக் குட்டைப் பலகையின் உயரம் வரைதான் நிற்கும். மற்ற பலகைகளை எவ்வளவு உயர்த்தினாலும் பயனில்லை. பொட்டாசியம் குறைவாக உள்ள செடிக்கு மேலும் மேலும் யூரியா போடுவதும் இப்படித்தான்.

பருவத்துக்கு ஏற்ற சத்து

நைட்ரஜன் புரதத்துக்கும் பச்சையத்துக்கும் அடிப்படை. இலையும் தண்டும் வளரும் இளம் பருவத்தில் இது நிறையத் தேவை. பாஸ்பரஸ் வேர் வளர்ச்சிக்கும் செல்லுக்குள் ஆற்றலைக் கடத்துவதற்கும் பயன்படுகிறது. பொட்டாசியம் இலைத்துளைகள் திறந்து மூடவும், இலையில் உருவான சர்க்கரை காய்க்குச் சென்று சேரவும் உதவுகிறது.

எனவே இளஞ்செடிக்கு மூன்றும் சமமாக உள்ள 15-15-15 போன்ற உரம் பொருந்தும். மொட்டு விடத் தொடங்கியதும் கடைசி எண் உயர்ந்த 12-12-17 போன்ற உரத்துக்கு மாறலாம். அந்தப் பருவத்திலும் நைட்ரஜனை அள்ளிக் கொடுத்தால், செடி தொடர்ந்து இலையையும் கிளையையும் வளர்த்துக்கொண்டே போகும், பூப்பது தள்ளிப்போகும். வெயில் போதுமான அளவு கிடைத்தும் தழைத்த செடி காய்க்காமல் இருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

இலை பேசும் மொழி

எந்தச் சத்து குறைகிறது என்பதை இலையைப் பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். அதற்கு ஒரு எளிய வழி, மாற்றம் முதலில் எங்கே தெரிகிறது என்று கவனிப்பதுதான்.

நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவை செடிக்குள் இடம் மாறக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி இவற்றை மூத்த இலைகளிலிருந்து எடுத்து இளந்தளிர்களுக்கு அனுப்பிவிடும். அதனால் அறிகுறி முதலில் அடி இலைகளில் தெரியும். அடி இலை முழுவதும் வெளிறி மஞ்சளானால் நைட்ரஜன் குறைவு. நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் மக்னீசியம் குறைவு. இலை ஓரம் மஞ்சளாகிக் காய்ந்தால் பொட்டாசியம் குறைவாக இருக்கலாம்.

இரும்பு, கால்சியம், போரான் ஆகியவை அப்படி எளிதில் இடம் மாறுவதில்லை. இவை குறைந்தால் அறிகுறி நுனித் தளிரிலோ காயிலோ தோன்றும். தளிர் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்பு குறைவு. மண்ணில் இரும்பு இருந்தும் இப்படி நேரலாம். மண் காரத்தன்மை அடைந்தால் இரும்பு கரையாத வடிவத்துக்கு மாறிவிடும். வேரால் அதை எடுக்க முடியாது. சற்றே அமிலத்தன்மை உள்ள, அதாவது பிஎச் 6 முதல் 6.5 வரை உள்ள மண்ணே மிளகாய்க்கு உகந்தது.

காயின் அடிப்பகுதி கறுத்து அழுகுவது காய்க்குக் கால்சியம் போய்ச் சேராததன் அடையாளம். உடனே முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுவோர் உண்டு. முட்டை ஓடு கால்சியம் கார்பனேட்தான். ஆனால் அது கரைய நெடுங்காலம் பிடிக்கும். மேலும் கால்சியம் நீரோட்டத்தோடுதான் செடிக்குள் நகர்கிறது. ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால், மண்ணில் கால்சியம் இருந்தும் காய்க்குப் போகாது. பெரும்பாலும் இதற்கு மருந்து உரம் அன்று. ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றுவதுதான்.

ஏன் இரண்டு போத்தல்கள்?

மலேசியாவில் தென்னை நார்த் துகளில் மிளகாய் வளர்ப்பவர்கள் ‘ஏபி’ உரத்தைப் பயன்படுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். ஏ ஒரு போத்தல், பி இன்னொரு போத்தல். ஒரே போத்தலில் அடைத்து விற்றால் என்ன?

அடர்த்தியான நிலையில் அவை ஒன்றோடொன்று சேரக்கூடாது. ஏ கரைசலில் கால்சியம் நைட்ரேட் இருக்கிறது. பி கரைசலில் சல்பேட்டுகளும் பாஸ்பேட்டுகளும் உள்ளன. இரண்டையும் நேரடியாகக் கலந்தால் கால்சியம் சல்பேட்டும் கால்சியம் பாஸ்பேட்டும் வெண்ணிற வீழ்படிவாகக் கீழே படிந்துவிடும். கரையாத பொருளை வேர் உறிஞ்ச முடியாது; விலை கொடுத்து வாங்கிய சத்து வாளியின் அடியில் கிடக்கும். ஆகவே, முதலில் வாளி நிறையத் தண்ணீர், பிறகு ஏ, நன்றாகக் கலக்கிய பின் பி. இந்த வரிசையை மாற்றக்கூடாது.

அளவுக்கு மிஞ்சினால்

உரம் என்பது உப்பு. உருளைக்கிழங்குத் துண்டை உப்புநீரில் போட்டால் அது துவண்டுபோவதை ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள். செறிவு குறைந்த இடத்திலிருந்து செறிவு மிகுந்த இடத்துக்கு நீர் சவ்வு வழியே செல்வதே சவ்வூடு பரவல். தொட்டி மண்ணில் உரம் மிகுந்தால் வேருக்கும் இதே நிலைதான். சுற்றிலும் ஈரம் இருந்தும் வேரால் நீரை உறிஞ்ச முடியாது. இலை நுனி கருகும். செடி தாகத்தில் வாடுகிறது. நாமோ பசி என்று நினைத்து இன்னும் உரம் போடுகிறோம்.

அப்படி நேர்ந்துவிட்டால் உரத்தை நிறுத்திவிட்டு, அடித்துளை வழியே வழிந்தோடும்வரை நல்ல தண்ணீரைப் பலமுறை ஊற்ற வேண்டும். தொட்டித் தட்டில் தேங்கும் நீரை உடனே அகற்றிவிடுங்கள். ஏடிஸ் கொசுவுக்கு அந்தச் சிறு தேக்கமே போதும்.

வழிந்தோடும் உரம் மறைந்துவிடுவதில்லை. அது கால்வாய்க்குச் சென்று குளத்திலும் ஆற்றிலும் பாசியை வளர்க்கிறது. பாசி இறந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் சாகின்றன. இதற்கு மிகையூட்டம் என்று பெயர்.

ஒரு பிடி உரத்துக்குப் பின்னால் பெரிய உழைப்பும் இருக்கிறது. காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும் வழியை ஃபிரிட்ஸ் ஹேபர் கண்டறிந்தார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்கு வளர்த்தார். 1913-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஓப்பாவில் உற்பத்தி தொடங்கியது. கடும் அழுத்தமும் 400 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும் இதற்கு வேண்டும். தேவையான ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. கெடா மாநிலத்தின் குருணிலும் சரவாக்கின் பிந்துலுவிலும் உள்ள ஆலைகள் எரிவாயுவிலிருந்துதான் யூரியா தயாரிக்கின்றன. பாஸ்பரசோ பாறையிலிருந்து தோண்டியெடுக்கப்படுகிறது. அது தோண்டத் தோண்டக் குறையும் செல்வம். வீணாகும் உரம் என்பது வீணாகும் எரிவாயுவும் பாறையும்தான்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

ஒரே வயதுடைய ஒன்பது மிளகாய் நாற்றுகளைத் தென்னை நார்த் துகள் நிரப்பிய ஒரே அளவுள்ள தொட்டிகளில் நடுங்கள். மூன்று தொட்டிகளுக்கு வெறும் தண்ணீர், மூன்றுக்குப் போத்தலில் குறிப்பிட்ட அளவு உரம், மூன்றுக்கு அதைப்போல் இரு மடங்கு. உரத்தின் அளவே தற்சார்பு மாறி. இலை, பூ, காய் ஆகியவற்றின் எண்ணிக்கை சார்பு மாறி. வெயிலும் தண்ணீரின் அளவும் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். வாரம் ஒருமுறை எண்ணிக் குறித்து, ஆசிரியரிடம் காட்டி வரைபடமாக்குங்கள். உரத்தைத் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவ மறக்காதீர்கள்.

உரம் இரு மடங்கானால் காயும் இரு மடங்காகுமா? முதல் நாளே உங்கள் கருதுகோளை எழுதி வைத்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்துச் செடிகள் அதற்கு விடை சொல்லும்.