உரமாக மாறும் பிளாஸ்டிக்

மக்கும் பிளாஸ்டிக் என்று பெயர் பெற்றுவிட்ட பதார்த்தங்களில் பலவும், மண்ணில் நுண்ணுயிர்களுக்கு இரையாகிக் கரியமில வாயுவாகவும் நீராகவும் பிரிந்து மறைகின்றனவே அல்லாமல், தாம் கிடந்த நிலத்துக்குப் பெரிதாக எதையும் அளித்துச் செல்வதில்லை. கரிச்சத்து மிகுந்து தழைச்சத்து அற்ற அப்பதார்த்தத்தைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள், தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்வதால், சில காலம் பயிருக்கு நஷ்டம் நேர்வதும் உண்டு.

இந்நிலையில், 2021-ஆம் ஆண்டில் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த டைசுகே அவோகி, ஹிதேயுகி ஓட்சுகா முதலிய விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆராய்ச்சி வேறொரு மார்க்கத்தைக் காட்டியது. குளுக்கோஸிலிருந்து பெறப்படும் ஐசோசார்பைடு என்னும் பொருளைக் கார்பனேட் பிணைப்புகளால் கோத்து உண்டாக்கிய பிளாஸ்டிக்கை, அம்மோனியா கலந்த நீரில் இட்டு 90 டிகிரி செல்சியஸ் உஷ்ணத்தில் வைத்தால், வேறு கிரியாஊக்கி எதுவும் இன்றியே ஆறு மணி நேரத்தில் அப்பிணைப்புகள் யாவும் அறுந்து, ஐசோசார்பைடு ஒருபுறமும், நம் உழவர்கள் மூட்டை மூட்டையாக வாங்கி வயலில் இறைக்கும் அதே யூரியா மறுபுறமும் கிடைக்கின்றன. இவ்விரண்டையும் பிரித்தெடுக்கும் சிரமம் கூட இல்லாமல், கடுகின் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடோப்சிஸ் என்னும் சிறு செடிக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அது செழித்து வளர்ந்தது.

இதைக் கேட்டவுடன், குப்பையை வயலில் வீசினால் விளைச்சல் பெருகும் என்று எண்ணிவிடலாகாது. யூரியாவில் உள்ள தழைச்சத்து முழுவதும் அம்மோனியா தந்ததே; பிளாஸ்டிக் கொடுத்தது நடுவிலுள்ள கரியும் பிராணவாயுவும் மாத்திரமே. அந்த அம்மோனியாவோ, பெரும்பாலும் இயற்கை வாயுவைச் செலவிட்டு ஆலைகளில் உற்பத்தியாவது. ஆயினும், உடைந்தபின் இன்னதாக வேண்டும் என்பதைக் கருதியே பிணைப்பைத் தேர்ந்தெடுத்த அந்த யுக்தியைத்தான் நான் விசேஷமாகக் கருதுகிறேன்.

கார்பனேட் பிணைப்புகளால் ஆன இவ்வகைப் பிளாஸ்டிக், அதாவது ஐசோசார்பைடு கலந்த பாலிகார்பனேட், ஜப்பானிய மோட்டார் வாகனங்களின் உட்பாகங்களில் ஏற்கெனவே இடம்பெற்றுவிட்டது. உறுதிக்காக அதனுடன் வேறு பொருள்களையும் சேர்ப்பது தொழிற்சாலை வழக்கம். அம்மோனியாவில் கரைக்கும்போது அவையும் உடன் வெளிப்படுமாதலால், அவற்றைச் செடி ஏற்குமா என்பதையும் தனியே பரிசோதித்தாக வேண்டும்.