மதிலும் மரண சாசனமும்

பிரான்சில் பிறந்து, கப்பல் வணிகத்தில் பொருளீட்டிய ஸ்டீபன் ஜிரார்ட் 1831இல் இறந்தபோது அமெரிக்காவின் பெருஞ் செல்வர்களுள் ஒருவர். வாரிசாகப் பிள்ளைகள் இல்லை. சொத்தின் பெரும்பகுதியைப் பிலடெல்பியா நகரத்திடம் ஒப்படைத்து, தகப்பனை இழந்த ஏழைச் சிறுவருக்கு விடுதிப் பாடசாலை ஒன்றை நிறுவும்படி மரண சாசனம் எழுதியிருந்தார். உணவு, உடை, உறையுள், படிப்பு யாவும் இலவசம். 1848இல் ஜிரார்ட் கல்லூரி திறக்கப்பட்டது.

சாசனத்தில் நிபந்தனைகளும் இருந்தன. எந்தச் சபையின் குருவானவரும் வளவுக்குள் வரலாகாது. (நம்மவர் முகஞ் சுளிக்கலாம், சபைச் சண்டைகள் பிஞ்சு மனங்களைக் குழப்பக்கூடாதென்பதே அவர் காட்டிய காரணம்.) சுற்றிவரப் பத்தடி மதில் எழுப்பவேண்டும். சேருபவன் வெள்ளையனாக இருக்கவேண்டும்.

கடைசி நிபந்தனை நூறாண்டுக்கு மேல் நின்றது. காலப்போக்கில் மதிலுக்கு வெளியே கறுப்பின மக்களே பெருவாரியாகக் குடியிருந்தனர். அரசு அமைப்பாகிய நிர்வாகசபை கறுப்புச் சிறுவரை மறுப்பது அரசியலமைப்புக்கு முரணென 1957இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்தது. உடனே நிர்வாகம் தனியார் தருமகர்த்தாக்களிடம் மாற்றப்பட்டது; நிபந்தனை தப்பிக்கொண்டது! 1965இல் சிசில் மூர் என்னும் வழக்கறிஞரின் தலைமையில் மக்கள் ஏழு மாதங்களுக்கு மேலாக மதிலோரம் மறியல் செய்தனர். மார்ட்டின் லூதர் கிங்கும் அங்கு வந்து பேசினார். 1968இல் கறுப்புச் சிறுவர் நால்வர் உள்ளே சென்றனர். சிறுமியருக்கு 1984இல்தான் இடம் கிடைத்தது.

பிற்காலத்தில் பணமுடை ஏற்பட, விடுதியையும் மேல்வகுப்புகளையும் நிறுத்த நிர்வாகிகள் அனுமதி கேட்டனர். 2014இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. சாசனத்தின் நோக்கத்துக்கு அது மாறானது என்றது. முன்னர் பிள்ளைகளை வெளியே நிறுத்திய அதே தாள், இம்முறை அவர்களின் கட்டிலைக் காத்தது.