ஒன்டாரியோ முதல் காங்கேசன்துறை வரை

எழுபது ஆண்டுகளுக்கு முன் இலங்கையின் தண்டவாளங்களில் சில புதிய பெயர்கள் ஓடத் தொடங்கின: ஒன்டாரியோ, ஆல்பர்ட்டா, கியூபெக், மானிடோபா. எல்லாம் கனடாவின் மாகாணங்கள். அந்தப் பெயர்களைப் பக்கவாட்டில் தாங்கி வந்தவை டீசல் எஞ்சின்கள். ரயில்வே ஏட்டில் அவை எம்2. மக்கள் வாயில் 'கனடா எஞ்சின்'.

1950 ஜனவரியில் காமன்வெல்த் நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள் கொழும்பில் கூடினார்கள். கனடா சார்பில் வந்தவர் லெஸ்டர் பியர்சன்; பின்னாளில் நோபல் அமைதிப் பரிசு பெற்று, பிரதமராகவும் ஆனவர். ஆசிய நாடுகளின் வளர்ச்சிக்குக் கைகொடுக்கும் கொழும்புத் திட்டம் அங்கேதான் கருக்கொண்டது. அந்தத் திட்டத்தின் கீழ் கனடா இலங்கைக்குச் செய்த உதவிகளில் ஊரறிந்தது இந்த எஞ்சின்கள். முதல் தொகுதி 1954-ல் வரத் தொடங்கியது.

அதுவரை இலங்கை ரயில்வே பெரிதும் நீராவியை நம்பியே இருந்தது. நிலக்கரியோ அந்த மண்ணில் கிடையாது. கப்பலில்தான் வர வேண்டும். நீராவி எஞ்சின் புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்பே நெருப்பு மூட்ட வேண்டும், வழியில் தண்ணீர் பிடிக்க வேண்டும், பயணம் முடிந்தால் சாம்பலை வாரிக் கொட்ட வேண்டும். 1953-ல் பிரிட்டனிலிருந்து வந்த பிரஷ் பாக்னல் எஞ்சின்கள் முக்கியப் பாதைகளில் டீசலை அறிமுகம் செய்தன. டீசலை அங்கே வேரூன்றச் செய்தவை எம்2.

எம்2, இலங்கைக்கென்றே வரைந்த எஞ்சின் அல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஏற்றுமதிக்காக உருவாக்கிய ஜி12 என்ற மாதிரி அது. உள்ளே 567 வரிசையைச் சேர்ந்த 12 சிலிண்டர் டீசல் எஞ்சின். 567 என்பது ஒவ்வொரு சிலிண்டரின் கொள்ளளவு, கன அங்குலத்தில், ஏறத்தாழ 9.3 லிட்டர். ஒரு சிலிண்டரே பல கார்களின் முழு எஞ்சினைவிடப் பெரியது. மொத்தத் திறன் 1,425 குதிரைத்திறன்.

இந்த டீசல் எஞ்சின் சக்கரத்தை நேராகச் சுழற்றுவதில்லை. அது ஜெனரேட்டரைச் சுழற்றும். ஜெனரேட்டர் தரும் மின்சாரம் அச்சுகளில் உள்ள மோட்டார்களுக்குப் போகும். மோட்டார்கள் வண்டியை இழுக்கும். ஏன் இந்தச் சுற்று வழி? நின்றுகொண்டிருக்கும் ஒரு ரயிலை நகர்த்தத் தொடக்கத்திலேயே பெரும் முறுக்குவிசை வேண்டும். மெதுவாகச் சுழலும் டீசல் எஞ்சினால் அதைத் தர முடியாது, மின்மோட்டாரால் முடியும். சாரதி கைப்பிடியை ஒவ்வொரு படியாக எட்டாவது படிவரை ஏற்றுவார். உறுமலும் அதற்கேற்ப ஏறி, எஞ்சின் நிமிடத்துக்கு 835 சுற்றை எட்டும்.

சக்கர அமைப்பிலும் ஒரு யுக்தி இருந்தது. தொடக்கத் தொகுதிகளில் முன்னும் பின்னும் மும்மூன்று அச்சுகள். நடு அச்சுக்கு மோட்டார் கிடையாது. சுமை தாங்குவது மட்டுமே அதன் வேலை. நான்கு அச்சுகளில் விழ வேண்டிய எடை ஆறு அச்சுகளில் பரவுவதால், கனம் குறைந்த தண்டவாளமும் அதைத் தாங்கியது.

பணிமனைக்காரர்களுக்கு இந்த எஞ்சின் பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. ஒரு சிலிண்டர் பழுதானால் முழு எஞ்சினையும் இறக்க வேண்டியதில்லை. சிலிண்டரின் மேல்மூடி, உட்குழாய், பிஸ்டன், அதன் தண்டு எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகத் தூக்கி வெளியே எடுத்துவிட்டு, தயாராக இருக்கும் வேறொரு தொகுப்பை அதே இடத்தில் இறக்கிவிடலாம். கழற்றியதைப் பிறகு ஆற அமரச் செப்பனிடலாம். உலகெங்கும் ஆயிரக்கணக்கான எஞ்சின்களில் 567 வரிசை இருந்ததால் உதிரிப்பாகம் தேடுவதும் எளிது. எம்2 இத்தனை காலம் ஓடியதன் ரகசியம் வேகத்திலோ வலிமையிலோ இல்லை. பழுது பார்க்க எளிதான இந்த அமைப்பில்தான் இருக்கிறது.

1955-ல் பி.டி. ராம்பால ரயில்வேயின் பொது மேலாளரானார். இயந்திரப் பொறியாளரான அவர் டீசலுக்கு மாறுவதில் முழு மூச்சாக இறங்கியவர். அதே ஆண்டு தெற்கே ருகுணு குமாரி என்ற ரயில் ஓடத் தொடங்கியது. 1956 ஏப்ரலில் மலைநாட்டுக்கு உடரட்ட மெனிகே, வடக்கே யாழ்தேவி. அரசு உத்தியோகத்தர், மாணவர், வியாபாரி என்று எல்லாரையும் கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே சுமந்த கோச்சி யாழ்தேவி. அந்த வடபாதையில் கனடா எஞ்சின்களும் வண்டி இழுத்தன.

1966 வரை வந்த எம்2 எஞ்சின்கள் மொத்தம் 14. கடைசியாக வந்த இரண்டுக்கு இலங்கை ஊர்களின் பெயர்களே கிடைத்தன: ஒன்று காங்கேசன்துறை, மற்றது காலி. 1990-ல் உள்நாட்டுப் போர் வடபாதையை அறுத்தது. அதன்பின் 2015 ஜனவரியில்தான் காங்கேசன்துறைக்கு ரயில் மீண்டும் போனது. இடைப்பட்ட ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தவர் ஆயிரமாயிரமாய் ஒன்டாரியோவில் குடியேறியிருந்தார்கள்.

ஜி12 வேறு நாடுகளிலும் சரித்திரம் படைத்தது. நியூசிலாந்து 146 எஞ்சின்களை வாங்கி, 'டிஏ' வகை என்று பெயரிட்டு, நீராவிக்கு விடைகொடுத்தது. ஹாங்காங்கின் முதல் டீசல் எஞ்சின், 1955-ல் வந்த 'சர் அலெக்சாண்டர்', ஆஸ்திரேலியாவில் கட்டப்பட்ட ஜி12. இன்று அது ஹாங்காங் ரயில்வே அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

இலங்கையின் 591-ஆம் எண் எஞ்சினான மானிடோபாவுக்கு வாய்த்த விதி கொடியது. 2004 டிசம்பர் 26 காலை, கொழும்பிலிருந்து மாத்தறை நோக்கிச் சென்ற ரயிலை அது இழுத்துக்கொண்டிருந்தது. பெரலிய என்ற கரையோர ஊரில் சுனாமியின் முதல் அலை வந்து வண்டியை நிறுத்தியது. ஊர் மக்கள் ரயிலே பாதுகாப்பு என்று நம்பி அதன் கூரையில் ஏறினார்கள். பெட்டிகளுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். அடுத்து வந்த பேரலை பெட்டிகளைப் புரட்டிப் போட்டது. எண்பது டன்னை ஒட்டிய எடையுள்ள எஞ்சினை அது சுமார் 100 மீட்டர் அடித்துச் சென்றது. சாரதியும் உதவிச் சாரதியும் உயிரிழந்தார்கள். மாண்டவர்கள் 1,700-க்கும் மேல். ரயில் வரலாற்றில் இதைவிட அதிக உயிர்களைக் காவுகொண்ட விபத்து இல்லை.

ஆனாலும் மானிடோபா பழைய இரும்புக் கடைக்குப் போகவில்லை. ரயில்வே ஊழியர்கள் அதை மீட்டெடுத்துச் செப்பனிட்டு மறுபடி ஓட வைத்தார்கள். 2008 டிசம்பர் 26 அன்று அது நினைவு ரயிலை இழுத்துக்கொண்டு பெரலியவுக்குப் போனது.

ஹாங்காங்கில் இருப்பதுபோல் இலங்கையிலும் கடுகண்ணாவையில் ரயில்வே அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. பணி முடிந்த எம்2 எஞ்சின்களை இரும்பு விலைக்குத் தள்ளிவிடாமல், குறைந்தது மானிடோபாவையும் காங்கேசன்துறையையுமாவது ஓடும் நிலையிலேயே காக்க வேண்டும். அதை ரயில்வே நிர்வாகம் இப்போதே எழுத்தில் உறுதி செய்ய வேண்டும்.