இழப்பீட்டு வழக்குகள் – 9: சதவீதத்துக்கு முன்னால் கேட்க வேண்டியவை

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களில், காயம்பட்டவரின் நிரூபண வாக்குமூலத்தில் தவறாமல் இடம்பெறும் பத்தி ஒன்று உண்டு. ‘மேற்படி விபத்தில் எனக்கு உடல் முழுவதும் பலத்த காயங்களும் எலும்பு முறிவும் ஏற்பட்டன. கடும் வேதனையும் மன உளைச்சலும் அடைந்தேன். முன்புபோல் என்னால் எந்த வேலையும் செய்ய இயலவில்லை.’ பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும், மூட்டை தூக்குபவருக்கும் பொருந்தும், பள்ளி ஆசிரியைக்கும் பொருந்தும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் செய்த திருத்தத்தால் 2002-லிருந்து முதல் விசாரணையே வாக்குமூலப் பத்திரமாகிவிட்டது. தீர்ப்பாயங்களிலும் இப்போது அதுவே வழக்கம். அதற்கு முன் வழக்கறிஞர் ஒவ்வொன்றாகக் கேட்க, சாட்சி தன் வாயால் பதில் சொல்லியாக வேண்டும். இன்று கூண்டில் ஏறியவர் முதலில் எதிர்கொள்ளும் உருப்படியான கேள்வியே காப்பீட்டு நிறுவனத்தின் குறுக்கு விசாரணைதான். ஆகவே காயம் பற்றிய கேள்விகளைக் கேட்க வேண்டிய இடம் வழக்கறிஞரின் அலுவலகம், நேரம் வாக்குமூலம் தட்டச்சாவதற்கு முன்பு. அங்கே கேட்க வேண்டியது எத்தனை சதவீத ஊனம் என்பதோ எவ்வளவு வலி என்பதோ ஆகாது. எந்தச் செயல் நின்றுபோனது, எது பாதியானது, எது மற்றொருவர் கைக்குப் போனது என்பவைதான் முதல் கேள்விகள்.

இதற்கு உச்ச நீதிமன்றத்தின் வழிகாட்டுதலே இருக்கிறது. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010 அக்டோபரில் நீதிபதி ஆர்.வி.ரவீந்திரன் எழுதிய தீர்ப்பு, மருத்துவர் சொல்லும் ஊன சதவீதமும் சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பும் ஒன்றல்ல என்று அழுத்திச் சொன்னது. ஓர் உறுப்புக்கு 45 சதவீதம் என்றால் உடல் முழுமைக்கும் அதே 45 ஆகிவிடாது. இடது கையை இழந்தவர் தச்சராகவோ ஓட்டுநராகவோ இருந்தால் பிழைப்பே போய்விடும், எழுத்தராக இருந்தால் வேலையில் நீடிக்கக்கூடும். எனவே முதலில் அவரால் எவற்றைச் செய்ய முடியும், எவற்றைச் செய்ய முடியாது என்று பார், பிறகு விபத்துக்கு முன் செய்த தொழிலைப் பார், அதன் பிறகு இழப்பைக் கணக்கிடு என்று அந்தத் தீர்ப்பு வரிசை வகுத்தது. மோகன் சோனி வழக்கில் (2012) வண்டி இழுத்துப் பிழைத்த ஒருவர் இடது காலை இழந்திருந்தார். கால் போனாலும் வேறு வேலை பார்க்கலாமே என்ற கணக்கில் கீழே குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். உச்ச நீதிமன்றமோ அவருடைய வருமான இழப்பை 90 சதவீதமாகக் கொண்டது. வண்டி இழுப்பவருக்குக் கால் என்பது என்ன என்று கேட்டால் கிடைக்கும் விடை அதுதானே.

‘சதவீதம் மருத்துவ அறிவியல், தொழிலாளி சொல்வது வெறும் கதை’ என்று இதை மறுப்பவர்கள் உண்டு. ஆனால் அந்தச் சதவீதம் எப்படி உருவாகிறது என்று அவர்கள் பார்ப்பதில்லை. கால் ஊனத்தை அளக்க நம் அரசு மருத்துவர்கள் பின்பற்றும் நெறிமுறை மூட்டின் அசைவையும் தசையின் வலுவையும் மட்டும் அளந்துவிட்டு நிற்பதில்லை. நிலைப்புத்தன்மை என்ற தலைப்பின்கீழ் சமதளத்தில் நடப்பது, சரிவில் நடப்பது, படியேறுவது, குத்துக்காலிட்டு உட்காருவது, சம்மணமிடுவது, மண்டியிடுவது, திரும்புவது எனச் செயல்களைத் தனித்தனியாகச் சோதித்து மதிப்பெண் போடுகிறது. அதாவது, சதவீதத்தை உடைத்தால் உள்ளே இருப்பவை செயல்களே. அப்படியிருக்க, கூண்டில் நிற்கும் மருத்துவரிடம் ‘30 சதவீதம் என்று சான்று கொடுத்தது நீங்கள்தானே?’ என்று கேட்டு உட்கார்ந்துவிடுவது கைக்கு வந்ததைக் கீழே போடுவது. எந்தெந்தச் செயலில் மதிப்பெண் குறைந்தது, இந்த எண் காலுக்கா உடல் முழுமைக்கா, இனித் தேறுமா என்று கேட்க வேண்டும். மருத்துவர் கலைச்சொற்களில் பேசினால் சாதாரண மொழியிலும் சொல்லச் செய்ய வேண்டும் என்பதும் ராஜ்குமார் தீர்ப்பு தீர்ப்பாயங்களுக்கு இட்ட கட்டளைதான். சிகிச்சையே தராமல் சான்று மட்டும் தருபவர்களைப் பற்றியும் அது எச்சரித்தது.

சந்தையில் சுமை தூக்கும் ஒருவருக்கு வலது முழங்கால் பாதிக்கு மேல் மடங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். மூட்டை எத்தனை கிலோ? லாரியில் சாய்த்த பலகையில் ஏறி இறங்க வேண்டுமா? கூலி மூட்டைக் கணக்கா, நாள் கணக்கா? விபத்துக்குப் பின் முதன்முதலில் வேலைக்குப் போனது எப்போது, என்ன வேலை கொடுத்தார்கள், எத்தனை நாள் தாங்கியது? வீட்டுக் கழிப்பறை குத்துக்காலிட்டு உட்காரும் வகை என்றால் இப்போது என்ன செய்கிறார்? கடைசிக் கேள்வியைக் கேட்க வழக்கறிஞருக்கும் கூச்சம், சொல்ல அவருக்கும் கூச்சம். ஆனால் மடங்காத முழங்காலின் அன்றாட விலையை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் பதில் வேறில்லை. அவர் சொல்லத் தயங்குவதை மனைவி சொல்வார். மருத்துவமனையில் கூட இருந்தவர், கூலி குறைந்த வாரத்தில் அடகு வைத்தவர் என்ற முறையில் அவர் தனிச் சாட்சி, கணவரின் எதிரொலி அல்ல.

இது சாட்சிக்குச் சொல்லிக்கொடுப்பது ஆகாதா? நியாயமான ஐயம்தான். விடையைத் தானே உணர்த்தும் லீடிங் கேள்வியை, எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால், நீதிமன்ற அனுமதியின்றி முதல் விசாரணையில் கேட்கக் கூடாது என்பது 1872-ன் சாட்சியச் சட்டத்தில் இருந்த விதி. 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டத்திலும் அது தொடர்கிறது. கேள்வியில் விடையின் சாயல் இருப்பதையே சட்டம் விரும்பாதபோது, விடை முழுவதையும் வழக்கறிஞரே எழுதிக் கையெழுத்து மட்டும் வாங்கும் அச்சுப் பத்தியை என்னவென்பது? சொல்லிக்கொடுத்தல் அங்கேதான் நடக்கிறது. ‘நாளைக்கு எத்தனை மூட்டை தூக்குவீர்கள்?’ என்ற கேள்விக்குள் விடை இல்லை. நேர்மையான தயாரிப்பு பாதகமானவற்றையும் விடாது. சர்க்கரை நோய் உண்டா, பழைய முறிவு உண்டா, மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் முதலில் என்ன சொல்லிச் சேர்த்தார்கள்? ‘பைக்கிலிருந்து தவறி விழுந்ததாக’ என்று அதில் இருந்தால், குறுக்கு விசாரணை அங்கிருந்துதான் தொடங்கும்.

எண் இருந்தால் சமத்துவம் இருக்கும், ஒரு சதவீதத்துக்கு இத்தனை ரூபாய் என்று கொடுத்தால் வாய்ச்சாலகனும் ஊமையும் ஒரே தொகை பெறுவார்கள் என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. எலும்பு கூடி, பழைய வேலைக்கே திரும்பியவருக்கு அந்தக் கணக்கு போதும், வழக்கும் சீக்கிரம் முடியும். பிழைப்பு பறிபோனவருக்கும் அதையே நீட்டும்போதுதான் அநியாயம். தொழிலே இல்லாத சிறுமிக்கு என்ன கேட்பது என்பதற்குக் காஜல் வழக்கு (2020) உதவும். 12 வயதில் விபத்தில் மூளை பாதிக்கப்பட்டு முழு ஊனமான அவளுக்கு, இரண்டு உதவியாளர் தேவை எனக் கொண்டு, ஆளுக்கு மாதம் 5,000 ரூபாயை 18 என்ற பெருக்கெண்ணால் கணக்கிட்டு 21,60,000 ரூபாயை அந்த ஒரு தலைப்பில் மட்டும் உச்ச நீதிமன்றம் வழங்கியது. அவளுக்கு ஊட்டுவது யார், குளிப்பாட்டுவது யார், இரவில் விழித்திருப்பது யார் என்ற கேள்விகளின் விடை அந்தத் தொகை.

குறுக்கு விசாரணையில் காப்பீட்டுத் தரப்பு கேட்பதில் ஒன்று அநேகமாக மாறாது: ‘இன்று நீங்களாகவே பஸ்ஸில் வந்து, மாடியேறி, கூண்டில் நிற்கிறீர்கள்தானே?’ வெறும் வாக்குமூலத்தோடு வந்தவர் மழுப்புவார், அல்லது ‘நான் காயத்தை மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்றால் சரியல்ல’ என்ற பழகிய மறுப்போடு நிற்பார். முன்பே கேட்கப்பட்டவருக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. ஆமாம், பஸ்ஸில்தான் வந்தேன், கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினேன், மூட்டையோடு பலகையில் அப்படி ஏற முடியாது என்பார். மருத்துவர் சான்றில் படியேறுவதற்குக் குறைந்த மதிப்பெண்ணும் இந்தப் பதிலும் ஒன்றையொன்று தாங்கும். ஐயம் மீதமிருந்தால் தீர்ப்பாயமே மேலும் கேட்கலாம், அந்த அதிகாரம் சட்டத்தில் இருக்கிறது. காயம்பட்டவரையும் மருத்துவரையும் மாதக்கணக்கில் இடைவெளி விட்டு விசாரிக்காமல் அடுத்தடுத்த நாளில் விசாரிக்கும்படி மனுதாரர் தரப்பு கேட்டால், இரு சாட்சியங்களையும் நீதிபதி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பார்.